மல்லி போட்ட பியர்

ஜெர்மனியில் யார் வேண்டுமானாலும் வீட்டில் பியர் காய்ச்சலாம். ஆனால் முதலில் சுங்கத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வுப்பர்டாலுக்கு வந்த பதினைந்து வருடங்களில் அரசாங்கத்துக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாமே கெஞ்சல்கள்தான்: அகதியாக ஏற்றுக்கொள்ளுங்கள், விசாவை நீட்டுங்கள், பக்கத்து நகரத்துக்குப் போய்வர விடுங்கள். யூரோ வந்த மறுவருடம் போட்ட இந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாக எதையும் கேட்கவில்லை. என் குசினியில் பியர் காய்ச்சப்போகிறேன் என்று சொன்னேன். எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது. தொலைபேசியில் அழைத்த அலுவலர், காய்ச்சப்போவது கணவரா என்று கேட்டார். நான்தான் என்றேன். உணவகத்துக்கா என்றார். என் வாய்க்கு என்றேன். என் கணவர் தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் தொடாத மனிதர் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

எனக்கு வேண்டிய ருசி நாக்கில் ஏற்கெனவே இருந்தது. காலையில் குடிக்கும் மல்லிக்கோப்பியின் வறுத்த மணம் முதலில் மூக்கில் ஏற வேண்டும். விழுங்கிய பிறகு தொண்டையடியில் சின்னக் கசப்பொன்று தங்க வேண்டும். முதல் தடவை, வறுத்து இடித்த மல்லியையும் ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவையும் தொடக்கத்திலேயே கிடாரத்தில் கொட்டினேன். ஒரு மணி நேரம் கொதித்ததில் மணமெல்லாம் அயலவர் வீட்டுக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது வேப்பெண்ணெய். வீட்டில் பியர் காய்ச்சுவோர் சங்கத்தின் தலைவர் ஹெர் பிரான்ட்தான் காரணம் சொன்னார்: முதலில் போடுவது கசப்பைத் தரும், கடைசியில் போடுவது மணத்தைத் தரும். எனக்கு வெட்கமாகிவிட்டது. கறி இறக்கும் நேரத்தில் பெருஞ்சீரகத்தூள் தூவத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே. அதன்பிறகு ருசியிலிருந்து பின்னோக்கி யோசித்தேன். தொடக்கப் பூவைப் பாதியாகக் குறைத்து, மல்லியை அடுப்பு அணைக்க ஐந்து நிமிடம் இருக்கையில் போட்டு, ஒவ்வொரு கிராமையும் கணக்குக் கொப்பியில் எழுதினேன். நான்காம் தடவை, வாரக்கணக்கில் காத்திருந்து போத்தலைத் திறந்தபோது நினைத்த ருசி அப்படியே வந்திருந்தது. அவரவர் காய்ச்சியதைக் கொண்டுவந்து குடித்துப் பார்க்கும் சங்கத்தின் சுவைநாளில் அதைப் பியர் என்ற பெயரோடு வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

அதற்குள் விஷயம் மாதா கோயில்வரை போய்விட்டது. பூசை முடிந்ததும், என்மேல் மெய்யாகவே அக்கறையுள்ள ஜெசிந்தா அக்கா கையைப் பிடித்தார்.

"பொம்பிளையள் செய்யிற வேலையே இது? எல்லாரும் கதைக்கினம். விட்டிடு பிள்ளை."

"நான் களவாக் காய்ச்சேல்லை அக்கா. அரசாங்கத்துக்குச் சொல்லிப்போட்டுத்தான் காய்ச்சிறன். கதைக்கிறவையைக் குடிச்சுப் பாத்திட்டுக் கதைக்கச் சொல்லுங்கோ."

சுவைநாளன்று மண்டபத்தில் இரண்டு மேசைகள் இருந்தன: ஜெர்மன் பியருக்கு ஒன்று, வெளிநாட்டுப் பியருக்கு ஒன்று. ஹெர் பிரான்ட் என்னுடையதைக் கண்மூடிக் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். அருமை, ஆனால் இது பியர் இல்லை என்றார். இங்கத்தைய பழைய சட்டப்படி பியர் என்றால் தண்ணீர், மால்ட் என்னும் முளைவிட்ட பார்லி, ஹொப்ஸ், ஈஸ்ட் மட்டும்தானாம். அடுத்தமுறை மல்லியில்லாமல் கொண்டுவந்தால் ஜெர்மன் மேசையில் வைக்கலாமாம். மல்லியை எடுத்தால் அது என்னுடையதே இல்லை என்றேன். அப்படியானால் அந்த மேசை என்று, நல்ல மனதோடுதான், வெளிநாட்டுப் பக்கம் கைகாட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மெதுவாகவே சொன்னேன்: "தண்ணீர் வுப்பர்டால் குழாயில் வந்தது. மால்ட்டும் பூவும் இதே நாட்டில், பவேரியாவில் விளைந்தவை. மல்லி என் பல்கனித் தொட்டியில் காய்த்தது. இதில் வெளிநாட்டிலிருந்து வந்தது நான் மட்டும்தான்."

நான் இரண்டு மேசைகளையும் இழுத்து ஒட்டவைத்து, அவை சேரும் இடத்தில் போத்தலை வைத்தேன். மேசைகள் ஒரே உயரமில்லை, போத்தல் ஆடியது. அன்று முழுவதும் ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நின்று, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.