செத்தவர்கள் பேசிய கொட்டில்

ஐம்பது வயதில், பகுத்தறிவுப் புத்தகங்கள் அலுமாரி நிறைய இருந்தும், சாம்பிராணி மணக்கும் கடைக்குள் நுழையப் பயந்து நான் வாசலில் நின்றே சீனி வாங்குகிறேன். அந்த மணம் என்னை எங்கள் தீவுக் கிராமமான சரவணையில், இன்று பற்றை மூடிக் கிடக்கும் இராசம்மாவின் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விடும். கிடுகு இடுக்கில் வெயில் ஒழுக, நீளமாகக் கொட்டாவி விட்டபின் அவர் செத்தவர்களின் குரலில் பேசத் தொடங்குவார். படகோடு காணாமற்போன தன் மகனுக்கு, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்யும்படி உறவினர் நெருக்கியதால்தான், அவன் உயிரோடு இருக்கிறானா என்று அறியச் சின்னம்மா சிறுவனான என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார்.

"அம்மா, குளிருது" என்று இராசம்மா ஆண்குரலில் முனகினார்.

சின்னம்மா எழுந்தார். "நீர் செத்தவையைத்தான் கூப்பிடுவீர். என்ர பெடியன் சாகேல்லை, உம்மட்டை வரமாட்டான். அந்தியேட்டியும் இல்லை."

நாங்கள் வெளியேற, பின்னால் இராசம்மாவின் சொந்தக் குரல் கேட்டது: "படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ அக்கா, ஆடு உள்ள வந்திடும்."