வெளிச்சம் ஒழுகிய கேமரா

மறுநாள் காலையில் காலாப்பட்டில் ஒரு கல்யாணம். ஃபிலிம் கேமராவில்தான் படம் வேண்டும் என்று என் மகளை நம்பிச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஆனால் முந்தின வாரம் அவள் எடுத்த ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், எல்லாப் படத்திலும் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு.

அவள் கேமராவின் பின்கதவைத் திறந்து, ஜன்னல் பக்கம் காட்டி, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"ஷட்டர் நல்லாத்தாம்மா தொறந்து மூடுது. வேற எங்கியோ வெளிச்சம் பூருது. இருட்டு ரூம் வேணும்."

எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாதது பூஜை அறை ஒன்றுதான். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பூவால் விளக்கை மலையேற்றினேன். அறை இருண்டதும் ஒரு குட்டி டார்ச்சை எரியவிட்டு, கேமராவுக்குள் வைத்துக் கதவை மூடினாள். கீல் ஓரத்தில் மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தது. வெளியே கொண்டுவந்து அந்த இடத்தை ஊசியால் சுரண்டினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது.

"அய்யோ, போன மாசம் ஆயுத பூஜைக்கு நான் வச்ச சந்தனம்டி!" என்றேன். தண்ணியாகக் குழைத்தது இடுக்கில் வழிந்து இறுகி, கதவைப் படியவிடாமல் செய்திருக்கிறது.

"சாமிக்குச் சாத்துற மாதிரி அப்பிட்டியா? இனிமே கேமரா பொட்டிமேல வையி," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சுத்தம் செய்து, இருட்டில் மறுபடியும் பார்த்தோம். எங்கும் வெளிச்சம் இல்லை. முருகா, இருட்டுக்காக உன்னைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.