சாவி தமிழ்ச் சொல் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை

அருளப்பன் சார் காலமான செய்தி எனக்குத் தமிழ் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. 'மன்றத்தின் தூண் சாய்ந்தது' என்று தலைவர் எழுதியிருந்தார். அந்தத் தூணைப் பிடுங்கி வெளியே போட்டவரே இந்தத் தலைவர்தான் என்பது, அடியில் வரிசையாகக் கைகூப்பிய எல்லோருக்கும் தெரியும்.

பொன்னமராவதிப் பள்ளியில் சார் ஆங்கிலம், நான் தமிழ். பாதிரியாராகப் படிக்கப் போய், பாதியில் திரும்பி வந்து மேரி அக்காவைக் கட்டிக்கொண்டவர். அங்கே கற்ற லத்தீனை மட்டும் விடவில்லை.

ஒரு மன்றக் கூட்டத்தில், கதவைச் சாத்துவதால் 'சாவி' என்றும், லத்தீன்காரன் அதை நம்மிடம் திருடினான் என்றும் தலைவர் முழங்கினார். ஒரே கைதட்டல். சார் எழுந்தார்.

"சாத்துறதுக்குத் தாழ்ப்பாளே போதுங்களே. சாவி தெறக்கவும்தான?"

பிறகு பொறுமையாக விளக்கினார். லத்தீனில் சாவி எழுவாயாக வந்தால் 'க்ளாவிஸ்', பெண்பால் சொல். 'சாவியை' என்று இரண்டாம் வேற்றுமையில் வந்தால் 'க்ளாவெம்'. அது தேய்ந்து போர்த்துகீசியரிடம் 'சாவே' ஆகி, கப்பலேறி வந்து நம்மிடம் 'சாவி' ஆனது. பிரெஞ்சுக்காரரின் 'க்ளே'யும் அதன் உடன்பிறப்புதான்.

"எழுவாய் செத்துப்போச்சு, செயப்படுபொருள் பொழச்சுக்கிருச்சு. நமக்குத்தான் 'திறவுகோல்' இருக்கே. அடுத்தவன் பிள்ளைக்கு நாம ஏங்க இனிஷியல் போடணும்?"

தலைவருக்கு வேற்றுமை விளங்கவில்லை. கூட்டத்தின் சிரிப்பு மட்டும் விளங்கியது. மறுவாரமே சாரை மன்றத்திலிருந்து நீக்கினார்கள். எதிர்த்துப் பேசிய என்னை உட்காரச் சொன்னார்கள்.

"ஆமான்னு சொல்லிட்டு வந்தா என்ன கொறைஞ்சு போகும்?" என்று மேரி அக்கா கடிந்துகொண்டாராம். "தப்புன்னு தெரிஞ்சும் எப்படி மேரி?" என்றாராம் சார். அதற்குப் பிறகும் கூட்ட நாட்களில் சட்டை மாற்றிக்கொண்டு, போக இடமில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் வறண்ட கண்ணைத் துடைத்தபடி, "சாவி தமிழ்தான்னு கடைசிக் காலத்துல சாரே என்கிட்ட ஒத்துக்கிட்டாரு" என்றார். செத்தவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார் என்கிற தைரியம்.

மேரி அக்கா எழுந்தார். "அவரு சொல்லலைங்க. நீங்க எங்க வீட்டுப் பக்கமே வரலையே, எப்பச் சொன்னாரு?"

மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

அடுத்து என் முறை. யார் எதை அடித்துச் சொன்னாலும், அவர் பிஷப்பாகவே இருந்தாலும், "அது ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று சார் கேட்பார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அஞ்சலி உரையாக அதை மட்டும் தலைவரைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.