இயந்திரம் ‘செடி’ என்று சொன்ன முருங்கைக் கிளை

போன வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்திருந்த ஒரு பிற்பகல். பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், கூரை மேல் கேமராக்களைச் சுமந்த ஒரு வெள்ளைக் கார் தேங்கிய தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அதன் பின் இருக்கையில் நான் இருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா இருக்காதா என்பது அந்தக் காருக்குள் முடிவாகப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைய படபடப்பு இப்போதும் மழை பெய்தால் எனக்குத் திரும்ப வருகிறது.

எங்கள் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையில் பல ஆண்டுகள் பக்கங்களைத் திருத்திப் பார்த்தவள் நான். அந்தப் பதிப்பு நின்றபிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். தினமும் கோவில்பதாகை வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு பஸ். தானாக ஓடப்போகும் கார்களுக்குச் சாலையைக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் தொழில். ஏதோ ஒரு கார் எடுத்துவந்த படங்கள் திரையில் வரும். இது மாடு, இது ஆட்டோ, இது சுவர், இது செடி என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டு, பட்டியலில் உள்ள பெயரைக் கொடுக்க வேண்டும். இப்படி லட்சக்கணக்கான படங்களைத் தின்றபிறகுதான் இயந்திரத்துக்குக் கண் திறக்கும். பேப்பரில் இதே விஷயம் முதலீடு, ஒப்பந்தம், புரட்சி என்று தலைப்பாக வரும். எங்கள் அறையில் அது மௌஸும் முதுகுவலியுமாக இருந்தது. எங்கள் ஜன்னலுக்கு எதிரே, பழைய பட்டறைகள் இருந்த மனையில், ஜன்னலே இல்லாத ஒரு டேட்டா சென்டர் எழும்பிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் முக்கால்வாசி வேலை ஏ.சி.க்குத்தான் என்று டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்போம்.

சிரிப்பு நின்றது மழைக்காலம் தொடங்கியபோது. நாங்கள் கற்றுக்கொடுத்த இயந்திரம் இனிமேல் தானே பெயர் போட்டுக்கொள்ளும் என்று செய்தி வந்தது. வாடிக்கையாளர் நிறுவனம் நம்ம ரோடுகளில் ஒரு வாரம் காரை ஓட்டிப் பார்க்கும். இயந்திரம் தேறிவிட்டால், காலை ஷிஃப்டில் இருப்பவர்கள் மட்டும் சரிபார்க்க இருப்போம். மாலை ஷிஃப்ட் கிடையாது.

என்னோடு காரில் வந்தவள் மாலை ஷிஃப்ட். வேலப்பன்சாவடிக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், அறையிலேயே வேகமான கை. கணவர் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனி ஆளைக் குறைத்ததிலிருந்து வீட்டுக்கு வருவது இவள் சம்பளம் மட்டும்.

சோதனையை நடத்த பெங்களூரிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர், கெட்டிக்காரர், யாரிடமும் உரக்கப் பேசாதவர். முன் இருக்கையில் மடிக்கணினியோடு அவர். பின்னால் எங்கள் முன் ஒரு திரை. இயந்திரம் எதை என்னவென்று பார்க்கிறது, எந்தப் பாதையில் போகச் சொல்கிறது என்பது அதில் ஓடும். தவறு என்று பட்டால் நாங்கள் பொத்தானை அழுத்த வேண்டும். ஓட்டுவது ஒரு பூந்தமல்லி டிரைவர். ஆபத்து இல்லாதவரை திரையில் காட்டும் அம்புக்குறிப்படியே போக வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு.

கார் கிளம்பியதும் அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துவிட்டார் டிரைவர்.

“இன்னாம்மா, ஸ்டியரிங்கு என் கைலதான் கீது. மிஷினா ஓட்டப் போவுது?”

“அதனாலதான்ண்ணா போட்டேன்” என்றாள். பொறியாளர்கூடச் சிரித்துவிட்டார்.

அடுத்த அரைமணி நேரம் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. இயந்திரம் அவ்வளவு நன்றாகப் பார்த்தது. வேலப்பன்சாவடியில் கல்லூரி விட்ட நேரம். ஒரே குடைக்குள் நடந்த இரண்டு பெண்களை இரண்டு பேர் என்று சரியாகப் பிரித்தது. நின்ற பஸ்ஸின் அடியில் ஒதுங்கியிருந்த நாயைக் கண்டுபிடித்தது. லாரிக்குப் பின்னால் மாட்டின் வால் மட்டும் தெரிந்தது. அதையும் மாடு என்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாதக்கணக்கில் நாங்கள் கோடு கோடாகக் கொடுத்த பார்வை, கண்ணெதிரே தானாக நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் பாடம் சொன்ன பிள்ளை மேடையேறிப் பேசுவதைப் பார்ப்பது போலிருந்தது.

“வாலக்கூட வுடலக்கா” என்று என் காதருகே சொன்னாள். “என் சீட்டு கிழிஞ்சிச்சி.”

அப்போதுதான் அந்த சர்வீஸ் ரோடு வந்தது. இடது ஓரம் முழுக்க முழங்கால் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர். அதன் நடுவே ஒரு முருங்கைக் கிளை நட்டுவைத்தது போல் நிமிர்ந்து நின்றது. நுனியில் ஒரு சிவப்புத் துணி. திரையில் கிளையைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுந்தது. ‘செடி’. மெல்லிய செடி, காரைத் தடுக்காது, மேலேயே ஏறிப் போகலாம் என்று அம்புக்குறி நேராக நீண்டது.

டிரைவர் காரை நிறுத்தினார். அதே நொடியில் நானும் அவளும் பொத்தானை அழுத்தியிருந்தோம்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டார் பொறியாளர்.

“கிளை நிக்குது சார்.”

“சின்னக் கிளைதானே?”

“ஐயே. கிளை சின்னதுதான். அது கீழ இருக்கிறது சின்னதா இன்னான்னு எறங்கிப் பாரு சார்.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் டிரைவரின் நீளக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, தள்ளி நின்றபடி, கிளைக்குப் பக்கத்தில் குடையைச் செங்குத்தாக விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடியும் தண்ணீருக்குள் போனபோது அவர் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். மூடி இல்லாத மழைநீர்க் கால்வாய். ஒரு ஆள் நின்றபடியே உள்ளே போகலாம்.

எதிர்ப்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மாள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, வண்டித் தலைல இத்தினி கண்ணு வெச்சிகினு கீற, கிளை தெரியலியா?”

“யாரும்மா வெச்சது?”

“யாரு கண்டா? காலைல நான் வண்டி தள்ளிகினு வரசொல்லவே நின்னுகினு இருந்திச்சி. அப்பவும் ஒரு பைக்குக்காரன் நேரா வந்தான். அதான் துணி கட்டினேன். எங்க ஊட்டுப் பொடவ கிழிச்சது அது. போட்டோ புடிச்சிக்க, எட்த்துகினு பூடாத.”

கார் ஓரத்துக்கு வந்ததும் பொறியாளர் தலையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அறிக்கையை எழுத ஆரம்பித்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்வது அவர் வழக்கம். மழை, கேமரா கண்ணாடியில் நீர்த்துளி, பொருள் தெளிவில்லை, இயந்திரத்தின் தவறு.

அந்த வரிகள் போதும். இயந்திரம் மழையில் தடுமாறுகிறது, மனிதர்கள் தேவை என்று மேலே போகும். மாலை ஷிஃப்ட் தப்பிக்கும். நாங்கள் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், கேமரா மேல தப்பு இல்ல” என்றாள். “அது நல்லாத்தான் பாத்துச்சி. செடின்னு சொல்லிக்குடுத்தது நாங்க.”

பொறியாளர் திரும்பினார். “புரியல.”

“இந்த மாதிரி கிளை எங்க படத்துல நெறைய வந்துச்சி சார். பட்டியல்ல செடின்னுதான் இருக்கு, செடின்னு போட்டோம்.”

“அது எதுக்கு வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். ரோட்ல நடந்தா சுத்திகினுதான் போவேன். சீட்ல ஒக்காந்தா செடின்னு போடுவேன். ஒருவாட்டி சந்தேகம் கேட்டோம். பட்டியல்ல இருக்கிறத மட்டும் போடுங்கன்னு ஒங்க பக்கத்துலேர்ந்து பதில் வந்துச்சி. கேட்டுகினு ஒக்காந்திருந்த நேரம் வேல நேரத்துல சேரல. அப்புறம் யாரும் கேக்கல.”

அவள் சொன்னதன் பொருள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தவறு இயந்திரத்துடையது என்று எழுதினால் அவளுக்கு வேலை. தவறு கற்றுக்கொடுத்தவர்களுடையது என்று எழுதினால், ஒப்பந்தத்தை முறிக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பொறியாளர் எழுதியதை முழுக்க அழித்தார். பிறகு கேட்டார்: “கிளை மாதிரி வேற என்னெல்லாம் இருக்கு?”

அங்கிருந்து அம்பத்தூர் வரை அந்தக் கார் ஒரு கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஆகிவிட்டது. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி நடுரோட்டில் நின்றால் கீழே பள்ளம் என்றாள் அவள். பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் தழையும் கல்லும் இருக்கும், அதை லாரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் டிரைவர். புதுசாகப் போட்ட சிமென்ட்டுக்குக் குறுக்கே வரிசையாக வைத்த செங்கல், கவிழ்த்த பக்கெட், மண் நிரப்பிய சாக்கு, தேங்கிய தண்ணீருக்கு முன்னால் நின்று துண்டை வீசுகிற ஆள். நான் ஒரு பழைய டயரைக் காட்டினேன். “அது பஞ்சர் கடை போர்டு, அக்கா” என்று சொல்லி அதை அவள் ஏற்கவில்லை. டிரைவரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். பொறியாளருக்குத் தட்டச்சு செய்து முடியவில்லை. கடைசியில் எங்கள் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். பயம் போன இடம் தெரியாமல் நாங்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தோம்.

அலுவலகத்தில் எங்கள் மேலாளர், கோயம்புத்தூர்க்காரர், வாசலிலேயே காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது. பொறியாளர் நேராகக் கேட்டார்: இவற்றுக்கெல்லாம் புதுப் பெயர்கள் வேண்டும், பழைய படங்களையும் திரும்பப் பார்க்க வேண்டும், உங்கள் ஆட்களால் முடியுமா?

“முடியுமுங்க, தாராளமா முடியுமுங்க” என்றார் மேலாளர்.

“செய்றோம் சார்” என்றாள் அவள். “ஆனா பேரு நாங்கதான் வெப்போம். யோசிக்கிற நேரமும், சந்தேகம் கேக்குற நேரமும் வேல நேரம்னு எழுதிக் குடுங்க.”

“ஏனுங்க, இப்போ போய் இதையெல்லாம்…” என்று மேலாளர் அவளை அடக்கப் பார்த்தார். மாலை ஷிஃப்டில் இருந்தவர்கள் அதற்குள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவள் பின்னால் நின்றிருந்தார்கள். நானும் போய் நின்றேன்.

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் பொறியாளர் போனார். அடுத்த வாரம் பதில் வந்தது. மாலை ஷிஃப்ட் தொடரும். சந்தேகம் கேட்கும் நேரம் வேலையில் சேரும். புதிய பட்டியலில் ஒரு தலைப்பு எங்கள் அறையில் பிறந்தது. பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு நாங்கள் வைத்த பெயர்: ‘ஆள் வைத்த எச்சரிக்கை’. திரையில் அது முதன்முதலாக வந்தபோது அறையே கை தட்டியது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவது, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். எதிரே இருக்கும் ஜன்னலில்லாக் கட்டடம் இன்னும் இரண்டு மாடி உயர்ந்துவிட்டது. ஆனால் சந்தேகம் கேட்பவர்கள் இப்போது எங்கள் அறையில் தலையைக் குனிந்துகொண்டு கேட்பதில்லை.

ஏன் அன்றைக்கு வாயைத் திறந்தாய் என்று ஒருநாள் டீக்கடையில் அவளிடம் கேட்டேன். “அந்த வண்டி நாளைக்கி ஆளில்லாம வரும்க்கா. எங்க தெருமுனைலயும் ஒரு கிளை நிக்குது” என்றாள். அவ்வளவுதான், பிறகு வடைக்குச் சட்னி கேட்கப் போய்விட்டாள்.

சென்னீர்குப்பத்தில் அந்தக் கிளையை ஒடித்து நட்டவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. இந்தத் தொழிலைப் பற்றிப் பெரியவர்கள் பெரிதாகப் பேசும்போதெல்லாம், கொட்டும் மழையில் ரோட்டின் மேலேயே முதல் குறியைப் போட்டுவிட்டு, யாரும் பார்க்காமல் போய்விட்ட அந்த ஆளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதெல்லாம் அவர் சும்மா செய்துவிட்டுப் போனதற்குப் பெயர் வைப்பதுதான்.