பதிவேட்டில் இரண்டு எழுத்து

“...அப்பன் பேரு ஒண்ணா இருந்தாச் சொல்லுங்க தம்பி. இல்லாட்டி இவரு யாரோ, நான் யாரோ” என்றார் அந்த அம்மா. 1979-இல், சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மாதா கோயிலில் நான் எழுத்தராகச் சேர்ந்த புதிது. அவர் கன்னியர் மடத்தில் வளர்ந்து அங்கேயே சமையல் செய்பவர். கூட வந்தவர் டி. கல்லுப்பட்டிக் கொத்தனார். இந்த அம்மா தன் கூடப்பிறந்த தங்கச்சி என்றார் அவர். காலராவில் பெற்றோர் போனதும் இருவரையும் இந்தக் கோயிலில் விட்டார்களாம். பிறகு தன்னை மட்டும் ஒரு மேஸ்திரி கூட்டிப்போய் வளர்த்தாராம்.

“மகளுக்குக் கல்யாணம். அத்தைன்னு வந்து நிக்க ஆளு வேணுமில்ல?” என்றார் கொத்தனார்.

பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தேன். வெள்ளைக்காரச் சாமியாரின் சாய்ந்த இங்கிலீஷ். கொத்தனார் பெயருக்கு நேரே தாய் தகப்பன் பெயர் பளிச்சென்று இருந்தது. அடுத்த வரி அம்மாவுடையது. பெற்றோர் பெயருக்கான இடத்திலோ ‘டி, ஓ’ என்று இரண்டே எழுத்து.

என் இங்கிலீஷ் பிஸ்கட் உறையையும் சினிமா போஸ்டரையும் படித்துக் கற்றது. “டூன்னா ‘செய்’. இது பேரே இல்ல. தெரியாம விட்டிருக்காக” என்று அடித்துச் சொன்னேன்.

“அடுத்தடுத்து இருக்கே தம்பி?” என்றார் கொத்தனார்.

“அன்னைக்கு ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம்ணே. பக்கத்துல இருந்தாச் சொந்தமாயிருமா?” என்று சிரிக்க வேறு செய்தேன். சாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கௌரவம் விடவில்லை.

அந்த அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் புதிதாக வந்த சாமியார், அதே பதிவேட்டைப் புரட்டியபோது அந்த ‘டி, ஓ’வைக் காட்டிச் சொன்னார்: “இது ‘டிட்டோ’வோட சுருக்கம். ‘மேலே உள்ளதேதான்’னு அர்த்தம்ப்பா. திரும்ப எழுத அலுத்துப்போனா இப்படிப் போட்டுருவாங்க.”

அன்றே கல்லுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். கொத்தனார் வீட்டில் அவர் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. சாரத்திலிருந்து விழுந்து மூன்று மாதமாம்.

மறுநாள் மடத்து அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. தெரியாததைத் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனுசனுக்கு ஒன்றரை வருஷமாவது ஒரு தங்கச்சி இருந்திருப்பாள். அது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. அந்த அம்மா கொதித்த சோற்றை இறக்கிவைத்துக் கையைக் கழுவினார். பிறகு, “என் மருமகளை எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்காக?” என்று கேட்டுக்கொண்டே, எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.