கருடன் பறந்துபோன மணி

எங்கள் அடையாறு வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு வெண்கலக் கைமணி இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் உச்சியில் கருடன் உட்கார்ந்திருந்தார். என் அம்மா புளி போட்டுத் தேய்க்கும்போது கைதவறிப் போட்டதில் கருடன் தனியே பறந்துவிட்டார். மொட்டைக் கைப்பிடி மட்டும் மிஞ்சியது. வீட்டுக்கு வருகிறவர்கள், “சாப்பாடு ரெடின்னு கூப்பிடவா இது?” என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் கல்யாணத்தை நடத்திவைத்த மணியாக்கும் அது.

அத்தை, அதாவது என் மாமியார், சைதாப்பேட்டையில் ஓர் அரசுப் பள்ளியில் சரித்திர டீச்சர். தெற்கிலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். வீட்டில் சாமி படம் என்று மருந்துக்குக்கூடக் கிடையாது. என் அப்பாவோ மயிலாப்பூர்க்காரர், கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர், நெற்றியில் திருமண் இல்லாமல் பால்காரருக்குக்கூடக் கதவு திறக்கமாட்டார். இவருடைய பெண்ணும் அவருடைய பிள்ளையும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, ஒருவரை ஒருவர் விரும்பித் தொலைத்தோம். கல்யாணமே வேண்டாமென்று பெரியவர்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை, அந்த மட்டும் புண்ணியம். எப்படிச் செய்வது என்பதில்தான் முட்டிக்கொண்டது. அக்கினியும் மந்திரமும் இல்லாமல் நடப்பது கல்யாணமே இல்லை என்றார் அப்பா. புரோகிதர் மணையில் உட்கார்ந்தால் நான் மண்டபத்துப் பக்கமே வரமாட்டேன் என்றார் அத்தை. இவர்களில் ஒருவர் இல்லாமல் தாலி கட்டிக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. ஆக, எங்கள் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது.

கடைசி முயற்சியாக அத்தை எங்கள் வீட்டுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாம்பழ நிறத்தில் பருத்திப் புடவை, கையில் துணிப்பை. அப்பா மரபு என்றார், அத்தை மானம் என்றார். அவர் வேதத்துக்குப் போக, இவர் சட்டத்துக்குப் போனார். குரல்கள் ஏற ஏற, பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது, கேட்கிறார்களாம்! சட்டென்று அத்தை பேச்சை நிறுத்தினார். அவர் கண் அலமாரியில் இருந்த மொட்டை மணிமேல் விழுந்தது. அது ஏன் அங்கே ஒதுங்கிக் கிடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார். உடைந்துபோனது பூஜைக்கு ஆகாது என்றாள் அம்மா.

“சாமிக்கு ஆகாதுன்னா எனக்கு ஆகும். குடுங்கம்மா,” என்று வாங்கி, அப்பாவின் முன்னால் வைத்தார். அத்தையின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டாம். எதிராளியை மறுப்பதற்கு முன், அவன் கட்சியை அவனே ஒப்புக்கொள்ளும்படி சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் எதிராளி மணியை அடிப்பான். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அப்பாவின் முகம் மாறியது. இதைத்தானே எங்கள் பழைய ஆசாரியர்கள் எழுதும்போதெல்லாம் செய்தார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தெரியும் சார். கடவுள் இல்லைன்னு அந்தக் காலத்துல சொன்னவங்க எழுதினது எல்லாம் போயிடுச்சு. அவங்களை மறுத்தவங்க புத்தகத்துலதான் அவங்க பேச்சு பொழச்சுக் கெடக்கு. அந்த நன்றி எனக்கு உண்டு,” என்றார் அத்தை.

அத்தை தொடங்கினார். ஊர் என்ன சொல்லுமோ என்று சார் பயப்படுகிறார் என்றார். மணி அடித்தது. தெய்வக் குற்றம் வருமென்று அஞ்சுகிறார் என்றார். அதற்கும் அடித்தது. அப்பா அதை அடித்த வேகத்தைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து அதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தது. மணி அடித்தது போதும், காபி ஆறிண்டிருக்கு என்று அம்மா முனகினாள். அத்தை காபியைக் கையில் வைத்தபடி, அப்பாவின் கல்யாணத்தில் யார் என்ன சொன்னார்கள், தாத்தாவின் கல்யாணத்தில் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

“பொண்ணைக் கையப் புடிச்சுக் குடுக்கறப்ப, இவங்க வம்சத்துல ஒவ்வொரு அப்பாவும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்காரு. அந்த வரிசையில தான் ஒருத்தன் மட்டும் ஊமையா நின்னுடக் கூடாதுன்னு சார் நெனைக்கிறாரு.”

மணி அடிக்கவில்லை. அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து அப்பாவின் முறை. தத்துவம் படித்தவர், ஊதித் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். நாத்திகம் என்று தொடங்கினார், மணி. மேல்நாட்டுச் சிந்தனை என்றார், மறுபடி மணி. அரசியல் என்று ஆரம்பித்த வாக்கியம் முடியவே இல்லை. கடைசியில் அவரும் வாதத்தை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அத்தையின் தாத்தா தன் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாகக் கோயிலுக்குப் போனவர், வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

“டீச்சருக்குக் கோபம் பெருமாள் மேல இல்லை. நடுவுல நின்னுண்டு, நீ வரலாம் நீ வரப்படாதுன்னானே, அவன் மேல. தன் பிள்ளை கல்யாணத்துல அப்படி ஒரு ஆள் நடுவுல நிக்கப்படாது. பொண்ணும் ஒரு சாமான் மாதிரி தானமா வரப்படாது. அவ்வளவுதான் அவா கேக்கறது,” என்றார் அப்பா.

அத்தை மணியைத் தள்ளி வைத்தார். எனக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. அழுதேன்.

எங்கள் கல்யாணத்தில் புரோகிதர் இல்லை, ஹோமம் இல்லை. அப்பா தன் அப்பா சொன்ன அதே சொற்களைத் தன் வாயாலேயே சொல்லி, தானம் என்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக் கொடுத்தார். அப்போது முன்வரிசையிலிருந்து எழுந்து நின்ற முதல் ஆள் அத்தை. இரண்டு பக்கத்து உறவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. சாப்பாட்டுக்கு மட்டும் முந்திக்கொண்டது. சீர் எதுவும் கூடாது என்று சொல்லியிருந்த அத்தை, அந்த மணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தி.நகருக்குப் பஸ் ஏறிவிடுவார். சோழன் காலம், தேர்தல், கோயில் நிர்வாகம், கர்மவினை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அப்பா கடைசிவரை நாத்திகர் ஆகவில்லை, அத்தை கோயில் படி ஏறவில்லை. ஆனால் ஒருவர் விடாமல் இடித்ததால் மற்றவர் தன் கட்சியைத் துலக்கித் துலக்கி வைத்துக்கொண்டார். சமயமும் தத்துவமும் அரசியலும் இப்படித்தான் ஒன்றையொன்று செதுக்கி வந்திருக்கின்றன என்பதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை, அத்தை வீட்டுக் கூடத்தில் கண்ணால் பார்த்தேன்.

அத்தை போன பிறகு தி.நகரில் படத்திறப்பு வைத்தோம். கறுப்புச் சட்டைக்காரர்கள் நிறைந்த கூட்டம். திருமண்ணும் வேட்டியுமாக அப்பா மேடை ஏறியதும் பின்வரிசையில் சலசலப்பு. இவருக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. அப்பா பையிலிருந்து மணியை எடுத்து, அத்தை படத்தின் முன் வைத்தார்.

“இன்னிக்கு டீச்சர் கட்சியை மட்டும்தான் சொல்லப்போறேன். என் கட்சிக்கு இன்னிக்கு லீவு,” என்று மைக்கில் சொன்னார்.

சொன்னார் ஐயா, சொன்னார்! கோயில் வாசலில் நின்ற தாத்தா, சொந்த ஊரில் வயல்வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போன பெண், நடுவில் யாருமில்லாத கல்யாணம், சாமி இல்லாமலே நேர்மையாக வாழ முடிந்த வாழ்க்கை என்று எல்லாவற்றையும் அத்தையின் கோபத்தோடு, அத்தையின் கேலியோடு சொன்னார். ஓர் இடத்தில்கூட ஆனால் என்று இழுக்கவில்லை. முடித்துவிட்டு மணியையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடமே அதைப் பார்த்தது.

“அடிக்கலை. சரியாத்தான் சொல்லியிருக்கேன் போலிருக்கு,” என்றார்.

எழுந்த கைதட்டலில் பின்வரிசைதான் முந்திக்கொண்டது. இவருக்கு என்ன வேலை என்று கேட்ட அதே மனிதர் மேடை ஏறி அப்பாவைக் கட்டிக்கொண்டார். அப்பாவின் திருமண் அவர் கறுப்புச் சட்டையில் ஒட்டிக்கொண்டது; அவர் அதைத் தட்டிவிடவில்லை.

இப்போது அப்பா எங்களோடுதான் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, கல்லூரியில் படிக்கும் என் மகளிடம், அவளுக்கு ஆச்சியான அத்தையின் கருத்து ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, கொஞ்சம் தன் பக்கமாக வளைத்துவிட்டார். உப்பு ஜாடியைத் தாண்டி ஒரு கை நீண்டது. மணி கணீரென்று அடித்தது.

“ஆச்சி அப்படிச் சொல்லலை தாத்தா,” என்றாள் அவள்.

அப்பா கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து தொடங்கினார்.