வெங்காயம் படாத கத்திகள்

எங்கள் தெருவில் டிரைவரண்ணனுக்கு 'ஆயுதம்' என்று பட்டப்பெயர். வைத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டுவார்கள். காட்டட்டும். ஆளைப் பார்த்தால் ஆயுதத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறிக்கொள்கிற மனிதர். ஆனால் அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்தால் ஒரு படையையே கிளப்பலாம்.

அண்ணன் சுற்றுலா பஸ் ஓட்டினார். நான் அதே வண்டியில் கிளீனர், வீட்டிலும் அடுத்த வாசல். ஆகவே அவர் கதை எனக்கு ரோட்டிலும் தெரியும், சுவர் வழியாகவும் கேட்கும். பயணிகள் கோட்டையையும் அருவியையும் பார்க்க இறங்கினால், இவர் டயரை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கொல்லன் பட்டறை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வோர் ஊரிலும் கத்திக்கு ஒவ்வொரு வடிவம். மீன் செதில் எடுக்க ஒன்று, தோல் சீவ ஒன்று, நாணல் அறுக்க வளைவாக ஒன்று. எல்லாம் கையால் அடித்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்குகிற கத்தியைத் 'தகரம்' என்பார்.

வாங்குவதற்கு முன்னால் நகத்தால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்பார். பிறகு இடது முன்கையில் கொஞ்சம் மயிரைச் சிரைத்துப் பார்ப்பார். வருஷம் பூராவும் அந்த ஒரு கை மட்டும் மொழுமொழு என்றிருக்கும்.

ஒருமுறை ஒரு கொல்லர், "இது பழைய வண்டியோட வில்லுப் பட்டையில அடிச்சது சார், சாமானியமா தேயாது" என்றார்.

"அப்படியா? எங்க வண்டியில ஒரு பட்டையைக் காணோம்னு தேடிட்டிருக்கோம்" என்றேன்.

"வாய மூடுடா" என்றார் அண்ணன். "அது பாடுது, கேளு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பசி வேளை.

ஊர் திரும்பியதும் டிப்போ வாசலில் செருப்புத் தைக்கிறவரிடம் அந்தக் கத்திக்கு என்று தோலுறை ஒன்று தைக்கக் கொடுப்பார். பெண்டாட்டியின் ரவிக்கை அளவு தெரியாத மனிதர், கத்தியின் இடுப்பு எங்கே ஒடுங்குகிறது என்று விரலாலேயே காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூடத்தில் வேட்டியை விரித்து, ஒவ்வொன்றையும் உருவி, துடைத்து, எண்ணெய் தடவுவார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "மூச்ச அந்தப் பக்கம் விடு. மூச்சுல ஈரம் இருக்கு" என்பார்.

இத்தனை கத்தி இருக்கிற வீட்டில் அண்ணன் பெண்டாட்டி, எனக்கு அக்கா, காய் நறுக்கியது எதை வைத்து? பல்லுப் பல்லாய், பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு தகரத்தை வைத்து. அது மழுங்கிப்போனால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியில் நாலு தேய்ப்புத் தேய்ப்பாள். பூசணிக்காய் வாங்குகிற அன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படம் ஆடும்.

"ஏங்க, அதுல ஒண்ணே ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போயிடும்?"

"இந்த எஃகுக்கு வெங்காயம் ஆகாது. ஒண்ணு நறுக்கினா போதும், கத்தி முகமே கறுத்துடும்."

"அடுப்புல வெந்து என் முகம் கறுத்துச்சே, அதுக்கு எவன் எண்ணெய் போட்டான்?"

அண்ணன் கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அக்காவின் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. மகன் இருக்கிற ஊரில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு என்று கிளம்பினார்கள். மழைக்காலம் முழுக்க அங்கேதான் தங்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் கத்திகளுக்கெல்லாம் வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் தடவி, அதனதன் உறையில் போட்டு, பெட்டியில் அடுக்கிப் பூட்டினார்.

"சாவியக் குடுங்கண்ணே. அப்பப்ப தொறந்து காத்தாட வைக்கிறேன்."

"உன் கையில வேர்வை ஜாஸ்தி" என்று சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெரிதாக நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை. விரல் இதற்கு மேல் நிமிராது, மடங்குவதும் போகப் போகக் கஷ்டம்தான், எதையும் அழுத்தி வெட்டாதீங்க, கனமில்லாத கூரான கத்தியா ஒண்ணு வச்சுக்குங்க என்று சொல்லி அனுப்பினாராம். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். திரும்பி வருகிற பஸ்ஸில், தானாகவே வாயைத் திறந்து, அந்தக் கொம்புப் பிடி போட்ட சின்னது உனக்குத்தான் என்றிருக்கிறார். ஏரிக்கரை ஊர் ஒன்றில் மீன் அரிகிற பெண்களுக்காக அடிக்கிற கத்தி அது. இறகு மாதிரி இருக்கும்.

வாசலில் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் அக்கா என்னிடம் சொல்லிவிட்டாள். "தம்பி, எனக்குக் கத்தி குடுக்கிறாராம்!"

"கல்யாணம் ஆனதுக்கு இதுதான் மொத நகையாக்கா?"

அக்கா சிரித்தாள். அந்தக் கையாலேயே என் தோளில் ஓர் அடி. பஞ்சு பட்ட மாதிரி இருந்தது.

பெட்டியைத் திறந்ததுமே நனைந்த செருப்பு வாடை. அண்ணன் அந்தச் சின்னதை எடுத்து உருவினார். வரவில்லை. உறையைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு, திருகி இழுத்தார். கொம்புப் பிடி மட்டும் கையோடு வந்தது. கத்தி உள்ளேயே நின்றுவிட்டது. நான் உறையைக் கவிழ்த்துத் தட்டினேன், செம்மண் மாதிரி கொட்டியது. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். உருவ முடிந்ததெல்லாம் அம்மை போட்ட முகமாக வந்தது.

"உறையில இருந்தா பத்திரமா இருக்கும்னு..." என்றார்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "விடுங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாணை பிடிக்கிறவர் வந்து பார்த்தார். "தோலு எண்ணெயக் குடிச்சிடும்ணே. அப்புறம் மழை ஈரத்த இழுத்துக் கத்திக்குக் குடுக்கும். வாரா வாரம் நீங்க வெளிய எடுத்தீங்க, அதனால இத்தன நாள் தாங்குச்சு. சும்மா எண்ணெய்த் துணியில சுத்திப் போட்டிருந்தாக்கூடத் தப்பிச்சிருக்கும்."

"சாணை பிடிச்சா?"

"துரு போறதுக்குள்ள கத்தியும் போயிடும்."

அப்புறம் கொஞ்ச நாள், எந்த வீட்டில் சண்டை, யார் பையன் யாரோடு சுற்றுகிறான் என்று ஊர் வம்பெல்லாம் கொண்டுபோய்க் கொட்டிப் பார்த்தேன். அண்ணன் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரை ஊருக்குப் போய் இன்னொன்று வாங்கி வரலாம் என்று சொன்னதற்கு, "அந்தக் கொல்லர் போய்ச் சேர்ந்துட்டாராம்டா, பட்டறையில இப்ப செல்போன் ரிப்பேர் பண்றாங்க" என்றார். எப்போது விசாரித்தாரோ.

ஒரு நாள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைத்தெருவிலிருந்து வந்தார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்கிற நடை. நான் பார்த்துவிட்டேன், பின்னாலேயே போனேன். கடைக் கத்தி. மெஷினில் அடித்தது, பளபளப்பு, கனமே இல்லை. சுண்டிப் பார்க்கவும் இல்லை, மயிர் சிரைக்கவும் இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அக்காவிடம் நீட்டினார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரல்கள் பிடியைச் சுற்றப் பார்த்தன, பாதியிலேயே நின்றுவிட்டன. வெங்காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள். கத்தி சாய்ந்து தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். இடது கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் விழுந்தது.

"கத்தி நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். அந்தப் பழைய பல்லுக் கத்தியையும் எடுத்துப் பார்த்தாள். அதுவும் நிற்கவில்லை.

"நீங்களே நறுக்குங்க."

அண்ணன் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் கத்தி வாங்கின மனிதருக்கு வெங்காயத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. அது ஒரு பக்கம் உருண்டது, அவர் ஒரு பக்கம் வெட்டினார். மாட்டுக்குப் போடுகிற மாதிரி துண்டு துண்டாக விழுந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அக்கா இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நறுக்கி முடித்ததும் கத்தியைக் கழுவித் துணியால் துடைத்தார். நுனியிலிருந்து பிடிவரை, மெதுவாக, ஒரே பக்கமாக. அப்புறம் மாடத்தில் எண்ணெய்ப் புட்டியைத் தேடினார்.

"அது துருப்பிடிக்காதுங்க. விடுங்க" என்றாள் அக்கா.

காதில் விழாத மாதிரி தடவிக்கொண்டிருந்தார்.